நிதிக்கு எழுத முன்னம் கூட்டப் புத்தகத்தைத் திறவுங்கள்

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்குப் பதினொரு வருஷமாக நான் செயலாளர். எங்கள் முன்பள்ளிக்கு மழைநீர்த் தாங்கி கேட்டு ஓர் அறக்கட்டளைக்கு அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. நிதி கேட்பதென்று நிர்வாகசபை எடுத்த தீர்மானம் கூட்ட அறிக்கையில் பதியப்படவில்லை. வங்கிக் கணக்கும் காலமாகிவிட்ட பழைய பொருளாளரின் ஒப்பத்திலேயே கிடந்தது. இப்போது விண்ணப்பம் எழுத யார் உதவி கேட்டு வந்தாலும் முதலில் புத்தகங்களைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

அமைப்பின் விதிகளைச் சொல்லும் யாப்பு, பதிவுச் சான்றிதழ், கடைசி இரண்டு வருஷக் கணக்கறிக்கை, இருவர் சேர்ந்து ஒப்பமிடும் வங்கிக் கணக்கு. இவை கையில் இருக்கட்டும். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கும் நிதியமா என்று அறிவித்தலில் பாருங்கள். அப்படியென்றால் பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து கேட்க இடமுண்டா என்று விசாரியுங்கள். அறக்கட்டளைகள் மட்டுமல்ல, ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி போன்றவையும் சிறிய அமைப்புகளுக்கானவைதான்.

சரி, எழுதுவதற்கு வருவோம். "எமது மக்கள் போரால் பாதிக்கப்பட்டவர்கள்" என்று தொடங்காதீர்கள். அது உண்மை, எங்கள் எல்லோருடைய உண்மை. ஆனால் உங்கள் ஒழுங்கைக்கு என்ன வேண்டும் என்று வாசிப்பவருக்கு அதிலிருந்து தெரியாது. நீங்களே எண்ணியதை எழுதுங்கள். இரண்டாம் முறை நாங்கள் எழுதியது இது:

"முன்பள்ளியில் 28 பிள்ளைகள், ஒரு கிணறு. நீரைச் சோதித்தபோது நைத்திரேற்று லீற்றருக்கு 71 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை 50. பிள்ளைகள் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுவரும் தண்ணீர் பத்து மணிக்கு முன் முடிந்துவிடுகிறது."

எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். தோட்டத்துக்குப் போடும் உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் கிணற்றுக்கு இறங்கிவிடும், நைத்திரேற்று வருவது அப்படித்தான். இதற்கு ஒரு வரி போதும்.

கணக்கையும் வாசிப்பவர் சரிபார்க்கும்படி வையுங்கள். 100 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர், அதில் கொஞ்சம் சிந்திப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே தாங்கி நிரம்பும் என்பதை இப்படித்தான் காட்டினோம். தாங்கிக்கும், கூரைத் தண்ணீரை அதற்குக் கொண்டுவரும் பீலிக்கும் மூன்று கடைகளில் விலைக்கோரல் எடுத்தோம். வெட்டுவார்கள் என்று நினைத்து விலையைக் கூட்டிப் போடாதீர்கள், அது நேர்மையில்லை, பார்ப்பவர்களுக்குத் தெரிந்தும் விடும். மண் வெட்டுவதும் கல் சுமப்பதும் ஊரவர்கள். அந்த உழைப்பையும் நாட்கூலிக் கணக்கில் மதிப்பிட்டு எங்கள் பங்காக எழுதினோம்.

பலர் விட்டுவிடும் இடம் பராமரிப்பு. புரட்டாதியில் பீலியைத் துப்புரவாக்குவது யார், குழாய் உடைந்தால் காசு எங்கே? பெற்றோர் மாதம் 50 ரூபாய் சேர்ப்பதென்று கூட்டத்தில் தீர்மானித்து, அந்தப் பக்கத்தின் பிரதியையும் இணைத்தோம்.

நிதி கிடைத்த பிறகு பற்றுச்சீட்டுகளைக் கவனியுங்கள். இப்போதைய கடைப் பில்லின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே போட்டோக்கொப்பி எடுத்து, மூலத்தோடு சேர்த்துப் பிணைத்துக் கோவையில் போடுங்கள்.