நோய்க்கால வதந்திகளை ஆய்வு செய்யும்போது விடக்கூடாத தவறுகள்

2024 டிசம்பர். வெள்ளம் வடிந்து கொஞ்ச நாள்தான். கிளிநொச்சிப் பக்கம் பரந்தனில் ஒரு பலசரக்குக் கடையில் நின்றபோது, சாமான் வாங்க வந்த ஒரு அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். வட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவு. "யாழ்ப்பாணத்தில மர்மக் காய்ச்சலாம், மூச்சு முட்டிச் சனம் சாகுதாம், கிணத்துத் தண்ணி குடிக்காதேங்கோ" என்று ஒரு பெண் பதறிக்கொண்டு சொல்கிறார். அம்மா அதை ஏற்கெனவே ஐந்து குழுக்களுக்கு அனுப்பியிருந்தார்.

"இதை நம்புறீங்களோ அம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தம்பி தெரியும்? தெரிஞ்ச ஆக்கள் ஆரும் உண்மையோ பொய்யோ எண்டு சொல்லட்டும் எண்டுதான் அனுப்பினனான்."

இந்த அம்மா ஓர் ஆய்வில் எப்படிப் பதிவாவார்? 'தவறான தகவலைப் பரப்பியவர், பகிர்வு ஐந்து' என்றுதான். வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்திலும் படிக்கிற பிள்ளைகள் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டு வரும்போது நான் முதலில் சொல்வது இதைத்தான்: பகிர்ந்தவர் எல்லாரும் நம்பியவர் என்று எண்ணிவிடாதீர்கள். எங்கள் ஊர்களில் ஒரு செய்தியை அனுப்புவது பாதிநேரம் கேள்வி கேட்பதுதான். பகிர்வோடு சேர்த்து எழுதிய வரியைப் பாருங்கள். 'உண்மையோ?' என்று ஒரு சொல் இருந்தாலே கதை மாறிவிடும். கேட்டவர், எச்சரித்தவர், நம்பியவர், மறுத்தவர் என்று தனித்தனியாகப் பிரியுங்கள். முடிந்தால் அனுப்பியவர்களில் பத்துப் பேரையாவது நேரில் கண்டு கதையுங்கள். பத்தாயிரம் பதிவுகளை எண்ணுவதைவிட அது கூடுதலாகச் சொல்லித்தரும்.

அடுத்தது திகதி. அந்த டிசம்பரில் பரிசோதனை முடிவு வரும்வரை அது என்ன காய்ச்சல் என்று வைத்தியர்களுக்கே உறுதியில்லை. எலிக்காய்ச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. முடிவு வரமுன்னர் 'மர்மக் காய்ச்சல்' என்று எழுதியவரைப் பொய்யர் பட்டியலில் போடுவது அநியாயம். முடிவு வந்து ஒரு மாதத்துக்குப் பிறகும் அப்படியே எழுதினால் அது வேறு கதை. கொரோனா காலத்தில் உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் 'இது காற்றில் பரவும் நோய் இல்லை' என்று அடித்துச் சொன்னது. பொதுமக்கள் எல்லாரும் முகக்கவசம் போடத் தேவையில்லை என்று இருந்த ஆலோசனையை அதே ஆண்டு ஜூனில்தான் மாற்றியது. இன்று தெரிந்ததை வைத்து அன்றைக்கு எழுதியவரை அளக்கக்கூடாது. ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்தில் 'அன்றைக்கு என்ன தெரிந்திருந்தது' என்று ஒரு நிரலை வையுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் அரச அறிவித்தலை அப்படியே உண்மையின் அளவுகோலாக எடுக்கும் தவறு. இலங்கையில், கொரோனாவில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, 2020 தொடக்கம் 2021 பெப்ரவரி வரை எல்லாரையும் எரிக்க வைத்தார்கள். முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளின் உடலைக்கூட அடக்கம் செய்ய முடியாமல் துடித்தன. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அப்போதே இருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவையே அதற்கு மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. அரசு சொன்னதே சரி என்று வைத்து அந்தக் காலப் பதிவுகளைத் தரம்பிரித்தால், அழுதுகொண்டு உண்மை எழுதியவர்கள் வதந்திக்காரர்களாகிவிடுவார்கள்.

அந்தக் கதை கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எல்லாம் சேர்ந்த எங்கள் வன்னிக்குள்ளும் வந்தது. 2021 மார்ச் தொடக்கத்தில், அடக்கம் செய்ய, பூநகரிப் பக்கத்துக் கடலில் உள்ள இரணைதீவைத் தெரிவு செய்திருப்பதாக அறிவித்தார்கள். பூநகரிப் பக்கத்துச் சனம் எழுந்து நின்று எதிர்த்தது. கடைசியில் அடக்கம் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில்தான் நடந்தது. அந்த நாட்களின் பதிவுகளை வெளியூர்க்காரர் ஒருவர் அள்ளி எடுத்தால், 'நோய்ப் பயம்', 'மத வெறுப்பு', 'நிலத்தடி நீர் பற்றிய தவறான தகவல்' என்று மூன்று பெட்டிகளில் போட்டு முடித்துவிடுவார். இரணைதீவுச் சனம் 1992இல் இடம்பெயர்ந்தது, தீவில் கடற்படை இருந்தது, 2018இல்தான் படகேறிப் போய்த் தங்கள் மண்ணில் காலூன்றினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. திரும்பி மூன்று வருடம்கூட நிறையாத மண்ணைப் பற்றி, அந்த மண்ணின் ஆட்களைக் கேட்காமல் எடுத்த முடிவு அது. அந்தக் கோபத்தின் அடியில் காணி இருந்தது. பயமும் வெறுப்பும் கலந்த பதிவுகளும் இருந்திருக்கும், அவற்றை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் காணிக்கு ஒரு பெட்டி வைக்காத ஆய்வு வன்னியைப் பற்றிய ஆய்வாகாது. கொரோனாத் தனிமைப்படுத்தல் முகாமுக்குப் போகச் சனம் தயங்கியதும் இப்படித்தான். முல்லைத்தீவு கேப்பாப்பிலவில் படைத்தளத்துக்குள் அந்த முகாம் இருந்தது. 2009இல் போர் முடிந்தபோது அகதி முகாம்களில் முட்கம்பிக்குள் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு 'முகாம்' என்ற சொல்லே போதும்.

சரி, தேடும் வேலைக்கு வருவோம். ஒரே எழுத்தில் தேடினால் பாதி போய்விடும். கொரோனா, கொரனா, கொறோனா, கோவிட், கொவிட் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுபவர்களும் ஏராளம். தடுப்பூசி என்று எழுதுவதைவிட 'ஊசி' என்று எழுதியவர்களே அதிகம். அதைவிடப் பெரிய பகுதி குரல் பதிவுகளில் இருக்கிறது, எந்தத் தேடலுக்கும் அகப்படாது.

தமிழில் இருப்பதெல்லாம் வன்னிப் பேச்சு என்றும் எடுக்காதீர்கள். முல்லைத்தீவு பற்றி ரொறொன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் எழுதுகிறார்கள், தமிழ்நாட்டுச் செய்தியும் அதே பக்கங்களில் ஓடுகிறது. 'கொசு' என்று இருந்தால் ஒருமுறை நின்று பாருங்கள். நாங்கள் நுளம்பு என்போம். விடியவே வயலுக்குப் போகிறவர், வீட்டுக்கு ஒரே போன் வைத்திருக்கிற குடும்பம், இவர்கள் உங்கள் கணக்கில் வரவே மாட்டார்கள் என்பதையும் ஆய்வில் எழுதிவிடுங்கள். பதிவுகளைக் கண்ட அன்றே திகதியோடு சேமியுங்கள். முகநூல் பதிவுகளைத் தேடி எடுக்க ஆய்வாளர்கள் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் என்ற கருவியை மெட்டா நிறுவனம் 2024 ஓகஸ்டில் மூடிவிட்டது.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு ஒன்று இருக்கிறது. கிராமத்து வட்ஸ்அப் குழுவுக்குள் சொல்லாமல் நுழைந்து, சனம் கதைப்பதைக் குறித்துக்கொள்வது. மற்ற இடங்களில் இது நெறிமுறைப் பிழை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களும் போருக்குப் பிறகு அரசின் புனர்வாழ்வு முகாம்களில் இருந்துவிட்டு வந்த முன்னாள் போராளிகளும் வாழ்கிற இடத்தில், யாரோ இருந்து ஒட்டுக்கேட்கிறார் என்ற பயத்தை நீங்களே திரும்பக் கொண்டுவருகிறீர்கள். யாரென்று சொல்லி, கேட்டு, சம்மதம் வாங்கிச் சேருங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பகிரங்கப் பதிவாக இருந்தாலும் சொல்லுக்குச் சொல் மேற்கோள் போட்டால், தேடி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். பெயரை எடுத்துவிட்டேன் என்பது போதாது. முப்பது வீடுள்ள கிராமத்தில் 'காய்ச்சலில் மகனை இழந்த தாய்' என்று எழுதினாலே எல்லாருக்கும் தெரியும்.

இன்னொன்று. ஆய்வுக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆபத்தான செய்தி ஒன்று ஓடினால், அறிக்கை முடியட்டும் என்று இருக்காதீர்கள். டெங்குக் காய்ச்சலுக்கு வலி மாத்திரை போடு என்று ஒருவர் சொன்னால் அது உயிரோடு விளையாட்டு. இபுபுரூஃபன் போன்றவை இரத்தக்கசிவைக் கூட்டும், பரசிற்றமோல்தான் போடலாம். அப்படி ஒன்றைக் கண்ட அன்றே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள்.

கடையில் நின்ற அம்மாவிடம் நான் கேட்டது, வீட்டில் யார் வயலில் இறங்குகிறார்கள் என்று. மகன் என்றார். எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீரிலிருந்து, எலியின் சிறுநீர் வழியாகக் காலில் இருக்கிற காயத்தால் ஏறும் என்று சொன்னேன். வயல்காரருக்கு வாரம் ஒருமுறை போட டொக்சிசைக்கிளின் மாத்திரை கொடுப்பார்கள், பி.எச்.ஐ ஐயாவிடம், அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், கேளுங்கோ என்றேன். அவர் உடனே போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, அதே ஐந்து குழுக்களுக்கும் அதைச் சொல்லத் தொடங்கினார்.