மீந்த ராடும் கறுப்புக் கண்ணாடியும்

கிரில் பட்டறையில் மழைக்காலம் வந்தால் ஒரு கட்டு வெல்டிங் ராடாவது வீணாகும். ஈரம் குடித்து மேல்பூச்சு உதிர்ந்த ராடில் வெல்டிங் ஒழுங்காக விழாது. அதைக் காயலான் கடைக்குப் போட எனக்கு மனம் வருவதில்லை. மிச்சப் பூச்சைச் சுத்தியால் தட்டி எடுத்தால் உள்ளே இருப்பது 35 சென்டிமீட்டர் நீளக் கம்பி. கார்பன் குறைந்த இரும்பு என்பதால் முறியாமல் வளையும். முக்கால் அங்குலப் பைப்பின் மேல் வைத்துக் குறட்டால் இழுங்கள், பூந்தொட்டி மாட்டக் கொக்கி தயார். துருவைத் தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்ட் அடிக்காவிட்டால் சீக்கிரமே துருவேறிவிடும். கறி கோத்துச் சுட மட்டும் இந்தக் கம்பி வேண்டாம். ஒட்டியிருக்கும் பூச்சு வயிற்றுக்குப் போகக் கூடாது.

கொக்கியை பால்கனிச் சதுரப் பைப்பில் பற்றவைக்க, ஈரம்படாத 6013 என்ற வகை ராடு, 2.5 மில்லிமீட்டர் தடிமனில் எடுங்கள். பெயிண்டைச் சுரண்டி, மெஷினின் எர்த் வயர் கவ்வியான எர்த் கிளாம்பை வெறும் இரும்பில் கவ்வவிட்டு, 70 ஆம்பியரில் தொடங்கலாம். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவே ராடின் தடிமன் அளவு இடைவெளி போதும். வடகம் பொரிகிற மாதிரி சத்தம் சீராக வந்தால் கை சரியாக இருக்கிறது. பொறி சிதறிச் சத்தம் விட்டுவிட்டு வந்தால் ராடைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள். அடிக்கடி ஒட்டிக்கொண்டால் ஆம்பியரைக் கொஞ்சம் ஏற்றுங்கள். பைப் மெல்லியது, ஒரே இழுப்பில் இழுத்தால் ஓட்டை விழும். ஒரு புள்ளி வைத்து, அதன் சிவப்பு அடங்கிய பிறகு அடுத்த புள்ளி. பற்றின் மேல் படியும் கசடைத் தட்டும்போதும் கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும்; சூட்டோடு தெறிக்கும்.

பைப் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு என்றால் கதையே வேறு. துத்தநாகம் 907 டிகிரியில் ஆவியாகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். அதனால் இரும்பு இளகுவதற்குள் பூச்சு வெள்ளைப் புகையாகக் கிளம்பும். பகலில் அதைச் சுவாசித்தவருக்கு இரவு குளிர்சுரம் வரும். ஒரு டம்ளர் பால் குடித்தால் போதும் என்பார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்கல்லவா போகிறது? புகையைத் தடுக்கும் முகமூடி போட்டுக்கொண்டு, இணைப்பின் இருபுறமும் இரண்டு அங்குலம் கிரைண்டரால் பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

இரும்பில் கோடு போடும் மாக்கல் துண்டை வீட்டுக்கும் எடுத்துப் போங்கள். கல்சட்டி செய்கிற அதே கல்தான், சூட்டுக்கு அசையாது. கறுப்புத் துணியில் தையலுக்கு அடையாளம் வைக்கவும் நன்றாக இருக்கும், துவைத்தால் போய்விடும்.

வெல்டிங் கண்ணாடியில் கிரகணம் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடியின் எண் கூடக் கூடக் கறுப்பும் கூடும்; ஹெல்மெட்டில் சாதாரணமாக இருக்கும் 10, 11 எண் கண்ணாடி சூரியனுக்குப் போதாது. தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டும் கூடாது. 14 எண் கண்ணாடி, கீறல் விரிசல் இல்லாததாக, தனியாகக் கேட்டு வாங்குங்கள். 2031 மே 21 அன்று வளைய கிரகணம் மதுரைப் பக்கமாகத்தான் போகிறது. அவசரம் இல்லை, ஆனால் அந்த வாரம் கடையில் கிடைக்காது.