ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை இருந்தால் ஹெச்.டி. பாக்ஸ் ஆகிவிடாது

ஒயரைச் சரியாகச் செருகாதது, இன்புட்டை மாற்ற மறந்தது எல்லாம் இரண்டே நாளில் தானாகச் சரியாகிவிடும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மொட்டைமாடிகளில் புதிதாக டிஷ் மாட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிற, காசைக் கரைக்கிற தவறுகள் வேறு.

பாக்ஸின் முதுகைப் பார்த்து வாங்குவது

எத்தனை முறை சொன்னாலும் தீராத எரிச்சல் இது. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ்ஷுக்குப் பாக்ஸ் வாங்கப் போகிறவர் பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். இருக்கிறது. அட்டையிலும் கொட்டை எழுத்தில் '1080' என்று போட்டிருக்கிறது. வீட்டில் மாட்டினால் டிவியும் மூலையில் 1080 என்றே காட்டும். ஆனால் செய்தி வாசிப்பவர் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கும். உள்ளே வருவது ஹெச்.டி. அல்லாத 576 வரிப் படம். அதை இழுத்துப் பெரிதாக்கி அனுப்புகிறது பாக்ஸ், அவ்வளவுதான்.

பாக்ஸுக்கு இரண்டு வேலை. டிஷ்ஷிலிருந்து வரும் அலையைப் பிடித்துப் பிரிப்பது ஒன்று: பழைய முறை டி.வி.பி-எஸ், புதியது எஸ்2. சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பது இன்னொன்று: பழையது எம்பெக்-2, புதியது எம்பெக்-4. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அதில் இரண்டு தலைமுறையும் கலந்தே வருகின்றன. பழைய பாக்ஸுக்கு எஸ்2 அலைவரிசை கண்ணிலேயே படாது. எத்தனை ஸ்கேன் போட்டாலும் பட்டியல் நீளாது. அலையைப் பிடித்தும் எம்பெக்-4 விரிக்கத் தெரியாவிட்டால் சத்தம் மட்டும் வரும், திரை கறுப்பாகவே இருக்கும். உடனே எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் தலை) போய்விட்டது என்று புதிது ஒன்று, அப்புறம் கேபிள், கடைசியில் டிஷ்ஷையே மாற்றுகிறார்கள். கோளாறு பாக்ஸில் இருக்க, செலவு மாடியில்.

கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அட்டையில் 'எஸ்2' என்றும், 'எம்பெக்-4' அல்லது 'ஹெச்.264' என்றும் போட்டிருக்கிறதா? எஸ்2, எம்பெக்-4 இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வைத்துவிட்டு வாருங்கள். ஹெச்.264 என்பது எம்பெக்-4-தான்.

நல்ல பாக்ஸ், மஞ்சள் ஒயர்

பாக்ஸ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயரில் ஹெச்.டி. போகாது.

அமெரிக்காவிலிருந்து வந்த டிவி

அங்கே தரைவழி ஒளிபரப்பு ஏ.டி.எஸ்.சி. முறை, 6 மெகாஹெர்ட்ஸ் அகலம். தூர்தர்ஷன் 2016-இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தொடங்கியது டி.வி.பி-டி2 என்ற வேறு முறை. ஆன்டெனாவை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் அந்த டிவிக்குள் அலையைப் பிடிக்கும் ட்யூனருக்கு இந்த மொழி புரியாது. ஹெச்.டி.எம்.ஐ. வழியாகப் பாக்ஸை மாட்டி வெறும் திரையாகப் பயன்படுத்தலாம். அதற்கும் முன்னால் 230 வோல்ட் தாங்குமா என்று பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றால் பிளக்கைத் தொடாதீர்கள்.

கேபிள் ஒயரை நேராக டிவியில் செருகுவது

சேனல் பெயர் வரலாம். பூட்டுப் போட்ட சேனலில் படம் வராது. கேபிள்காரர் கொடுக்கும் பாக்ஸ்தான் வழி.

டிஷ்ஷை அளவுக்கு மேல் நிமிர்த்துவது

சென்னையிலிருந்து ஜிசாட்-15 தென்கிழக்கில், சுமார் 68 டிகிரி உயரத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத் தட்டையும் 68-க்கு நிமிர்த்துகிறார்கள். வீட்டு டிஷ் ஆஃப்செட் வகை. அதன் பார்வை தட்டு காட்டும் திசையைவிட இருபது டிகிரிக்கும் மேல் தூக்கலாக இருக்கும். எனவே தட்டு கண்ணுக்குப் பாதி சாய்ந்ததுபோல், 45 டிகிரி பக்கத்தில்தான் நிற்கும். டிஷ்ஷின் ஸ்கேலை நம்புங்கள், கண்ணை அல்ல. திருப்பும்போது 'ஸ்ட்ரெங்த்' பட்டையை விட்டுவிட்டு 'குவாலிட்டி' பட்டையைப் பாருங்கள். முதலாவது வெற்று வானத்தைக் காட்டினாலும் ஏறி நிற்கும்.

உப்புக் காற்று

காசிமேடு, ராயபுரம் பக்கம் தென்கிழக்கு என்றால் கடலைப் பார்த்த திசை. டிஷ் கேபிளின் நுனியில் திருகும் எஃப் கனெக்டரைக் கழற்றினால் நடுக்கம்பியில் பச்சை படிந்திருக்கும். அந்தக் கேபிளை (ஆர்.ஜி-6) இரண்டு அங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். மேலே தண்ணீர் புகாத ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைத்தண்ணீரை வாங்கி உள்ளே விடும்.