மலையில் காரின் பின் ஸ்பிரிங் மாற்றும் முறை

குன்னூர், கோத்தகிரி பக்கம் பின் ஸ்பிரிங் பெரும்பாலும் அடிச்சுற்றில்தான் உடையும். ஸ்பிரிங் உட்காரும் கீழ்க் கிண்ணத்தில் சேறும் ஈரமும் தங்கி, பெயின்ட் உரிந்த இடத்தில் துரு அரிக்கும். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். டிக்கியில் கேரட் மூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் ஒரு குழியில் இறங்கினால் போதும், முறிந்துவிடும். உடைந்த துண்டு கிண்ணத்திலேயே கிடப்பதால் பலருக்குத் தெரிவதில்லை. சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டார்ச் அடித்து அடிச்சுற்றைப் பாருங்கள். உடைந்திருந்தால் அந்த வண்டியோடு மேட்டுப்பாளையம் இறங்காதீர்கள். முனை நகர்ந்து டயரைக் கிழித்துவிடும்.

ஸ்விஃப்ட் போல ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக நிற்கும் கார்களுக்கே இந்த முறை. ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் இருந்தால் பட்டறைக்கு விடுங்கள். அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும்.

ஒன்றுதான் உடைந்திருந்தாலும் இரண்டையும் மாற்ற வேண்டும். சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குங்கள்; பெட்ரோல், டீசல், சிஎன்ஜி வண்டிகளுக்கு ஸ்பிரிங் வேறுபடலாம். ஸ்பிரிங்கின் மேல், கீழ் ரப்பர்களையும் ஷாக் அப்சார்பர் அடி நட்டுகளையும் புதிதாக வாங்கிவிடுங்கள். எல்லாம் கைக்கு வந்த பிறகே பழையதைக் கழற்றுங்கள்.

நம் ஊரில் பெரிய சிக்கல் சரிவுதான். ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. பின்பக்கத்தைத் தூக்கியதும் அதனால் பயனில்லை. சமதளம் கிடைக்காவிட்டால் வேலையைத் தொடங்கவே வேண்டாம். சமதளத்திலும் முதல் கியரில் போட்டு, முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹாலோ பிளாக் மேல் காரை நிறுத்தாதீர்கள், நொறுங்கிவிடும்.

முந்தின இரவே ஷாக் அப்சார்பர் அடி போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். வீல் நட்டுகளைத் தரையிலேயே தளர்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, பாடியின் ஜாக்கி முனைகளில் இரண்டு ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றுங்கள். ட்ராலி ஜாக்கியைப் பின் அச்சின் நடுவில் லேசாக முட்டுக் கொடுத்து, இரு பக்க அடி போல்ட்டுகளையும் உருவுங்கள். ஒரு பக்கம் மட்டும் உருவினால் அச்சு முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங்கை விடாது. பிறகு ஜாக்கியை அங்குலம் அங்குலமாக இறக்குங்கள். பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், ஏபிஎஸ் வயர் மூன்றிலும் கண் இருக்கட்டும். ஹோஸ் இழுபட்டால் அதன் கிளிப்பைக் கழற்றிவிட்டு மேலே தொடருங்கள். ஸ்பிரிங் கையால் ஆடும் நிலைக்கு வந்ததும் எடுத்துவிடலாம்.

கிண்ணத்தை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். உடைந்த துண்டை எடுத்து, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துரு தடுப்பு பெயின்ட் அடியுங்கள். அடியிலிருக்கும் நீர்த்துளை அடைத்திருந்தால் குத்தித் திறங்கள். அடைத்தபடி விட்டால் புது ஸ்பிரிங்குக்கும் அதே கதிதான்.

ரப்பர்களோடு ஸ்பிரிங்கை வைக்கும்போது அதன் வெட்டுமுனை கிண்ணத்தின் படியில் போய் முட்ட வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் கார் ஒருபக்கம் உயர்ந்து, திருப்பத்தில் டக்கென்று சத்தம் வரும். அச்சை மெல்ல உயர்த்தி போல்ட்டைக் கோர்த்து, நட்டைக் கையால் மட்டும் பிடியுங்கள். கார் தன் எடையில் தரையில் நின்ற பிறகே முழு முறுக்கம். தொங்கும்போதே முறுக்கினால் போல்ட்டைச் சுற்றியிருக்கும் புஷ் ரப்பர் திருகி சீக்கிரம் கிழியும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற முறுக்க அளவை அந்தந்த வண்டியின் மேனுவலில் பாருங்கள்.

பின்பக்கம் உயர்ந்ததால் ஹெட்லைட் ஒளி கீழே விழும். மூடுபனிக்கு முன் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதற்கு முன் ஊட்டியிலிருந்து மசினகுடிக்குச் செங்குத்தாக இறங்கும் கல்லட்டி இறக்கம் வேண்டாம்.