ரத்த ரிப்போர்ட்டைச் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்துப் படிப்பது எப்படி?

காரைக்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. கல்யாண வீட்டில் வெள்ளைப்பணியாரத்தையும் கவுனி அரிசியையும் ஒரு கை பார்த்துவிட்டு, டெஸ்டுக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருந்து வருவார்கள். எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனையிடம் அந்தத் தந்திரம் பலிக்காது. அது கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரி. 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் சரி, 6.5 தொட்டால் நீரிழிவு, மறுபடி சோதித்து உறுதிசெய்ய வேண்டும். கூடவே ஹீமோகுளோபினையும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி பொய்யாகக் கூடிக் காட்டலாம்.

அப்புறம் டிரைகிளிசரைடு, ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு. ரிப்போர்ட்டில் அது 150 மி.கி./டெ.லி. தாண்டினால் எல்லாரும் எண்ணெயைத் திட்டுவார்கள். பாவம் எண்ணெய்! பலருக்குக் காரணம் அளவில்லாத வெள்ளைச் சோறு, இனிப்பு, மது. எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலின் கதை வேறு. நெய், தேங்காய் எண்ணெய், ஆட்டுக்கறிக் கொழுப்பு அதை ஏற்றும். அது நெடுநாள் கூடியே இருந்தால் மாரடைப்பு அபாயமும் கூடும்.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருஷமாக எடுப்பவர்களும் சுத்த சைவக்காரர்களும் வைட்டமின் பி12 பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கால் மரத்துப்போவதற்குச் சர்க்கரை மட்டுமே காரணம் இல்லை, பி12 குறைவும் காரணமாகலாம்.

சாப்பாட்டை மாற்றினால் 3 மாதம் கழித்து, முடிந்தவரை அதே லேபிலேயே மறுபடி எடுங்கள். லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.