ஆச்சியின் வீணையை இரவல் கொடுக்கும் முன்

நாகர்கோவிலில் எங்கள் ஆச்சியின் தஞ்சாவூர் வீணையை நவராத்திரிக் கச்சேரிக்கு ஒருவர் கேட்டார், கொடுத்தோம். திரும்பி வந்தபோது குடத்தில், அதாவது உருண்டையான அடிப்பாகத்தில், விரல் நீளத்துக்கு விரிசல். "முன்னாலேயே இருந்ததுதானே?" என்றார். இருந்ததா என்று எங்களுக்கே சொல்லத் தெரியவில்லை.

முதல் தவறு அதுதான். தெரிந்தவரிடம் என்ன எழுதி வாங்குவது என்ற கூச்சம். கொடுக்கும் அன்று பகல் வெளிச்சத்தில் குடம், தண்டி (நீளமான கழுத்து), யாளி முகம், குதிரை (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் கட்டை), பிருடைகள் (தந்தியை முறுக்கும் முளைகள்) எல்லாவற்றையும் படமெடுங்கள். ஏழு தந்திகளையும் மீட்டி ஒலிப்பதிவும் செய்யுங்கள். திரும்ப வேண்டிய தேதியோடு இருவரும் கையெழுத்திட்டால் ஒரு தாள் போதும்.

அடுத்தது வெயில். வீணையின் 24 மெட்டுகளும், அதாவது விரல் வைத்து வாசிக்கும் உலோகக் கட்டைகளும், மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. மதியம் பூட்டிய காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி போகும். நம் குமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு. ஈரக் காற்றில் ஊறிய மரத்தை நேராக ஏசி அரங்கில் வைத்தால் ஒட்டு விடலாம். பலா மரம்தானே, தாங்கும் என்று நினைக்க வேண்டாம்.

நல்லெண்ணத்தில் செய்யும் பழுதுபார்ப்பு இன்னும் மோசம். பளபளப்பாக இருக்கட்டுமே என்று வார்னிஷ் அடித்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்! தந்தி மாற்றலாம், மற்றதைத் தொடக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். மேளம் கட்ட, அதாவது மெழுகில் மெட்டுகளைச் சுருதிக்கேற்ப மறுபடி பதிக்க, வேண்டி வந்தால் யார் கட்டுவது, செலவு யாருடையது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள்.

காப்பீடு? பெரிய கலைஞர்களுக்கும் மறதி உண்டு. 2008இல் வயலின் கலைஞர் பிலிப் குவின்ட், இரவல் வாங்கிய 1723ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவேரியஸ் என்ற விலைமதிப்பற்ற பழைய வயலினை, அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சியிலேயே விட்டு இறங்கிவிட்டார். ஓட்டுநர் நல்லவர், வயலின் கிடைத்தது. போக்குவரத்தையும் சேர்த்துக் காப்பீடு எடுங்கள்.

வெளிநாட்டுக் கச்சேரி என்றால் நான் கொடுக்கவே மாட்டேன். பழைய வீணைகளில் யானைத் தந்த வேலைப்பாடு இருக்கும், அனுமதியில்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். நூறு வருடம் கடந்த கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொருள் சட்டமும் விடாது.

அதற்காகப் பூட்டியே வைப்பதும் சரியில்லை, வாசிக்காத வீணையில் பிருடை இறுகிப்போகும். எங்கள் வீணை இப்போதும் வெளியே போகிறது. திரும்பி வந்ததும், வந்தவருக்குக் காப்பி கொடுப்பதற்கு முன்பே, அவர் எதிரிலேயே உறையைப் பிரித்துப் பார்க்கிறோம். கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கிறது.