தீப்பாறையின் இழையமைப்பைப் படிக்கும்போது நேரும் தவறுகள்

பாறைக்குழம்பு ஆறி உருவான தீப்பாறைத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தவுடன் பலரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். பிழையும் அங்கேயே தொடங்கிவிடுகிறது. நிறம் ஓரளவுக்குப் பாறையின் வேதிச் சேர்மானத்தை உணர்த்துமே தவிர, பாறைக்குழம்பு எங்கே, எவ்வளவு விரைவாகக் குளிர்ந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்வது படிகங்களின் அளவும் வடிவமும் ஒன்றோடொன்று பின்னியிருக்கும் விதமும், அதாவது இழையமைப்பு. கேப்ரோ, பசால்ட் என்னும் இரு கருநிறத் தீப்பாறைகளும் ஏறத்தாழ ஒரே சேர்மானம் கொண்டவை. ஆழத்தில் மெல்ல ஆறிய கேப்ரோவில் படிகங்கள் வெறுங்கண்ணுக்கே தெரிகின்றன, தரைமேல் விரைந்து ஆறிய பசால்ட்டில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஸ்காட்லாந்துப் புவியியலாளர் ஜேம்ஸ் ஹால் 1798-இல் பசால்ட் வகைக் கல்லை உலையில் உருக்கிப் பார்த்தார்: சட்டென ஆறவிட்டபோது கண்ணாடியும், மெல்ல ஆறவிட்டபோது படிகக் கல்லும் கிடைத்தன.

நிறத்தை நம்பி ஏமாறுவோரை அதிகம் ஏமாற்றுவது எரிமலைக் கண்ணாடியான அப்சிடியன். கன்னங்கரேலென்று இருந்தாலும் அதில், வெளிறிய தீப்பாறைகளில் மிகுந்திருக்கும் சிலிக்கா வழக்கமாக 70 சதவீதத்துக்கு மேல் இருக்கும். சேர்மானத்தில் அது பசால்ட்டைவிட வெளிறிய கிரானைட்டுக்கே நெருக்கமானது. சில்லின் மெல்லிய விளிம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி கசிவதைக் காணலாம்.

பெரிய படிகம் என்றாலே மிக நெடுங்காலம் குளிர்ந்தது என்று முடிவு கட்டுவதும் தவறு. மிகப் பெரும் படிகங்கள் கொண்ட தீப்பாறையான பெக்மடைட்டில் 10 மீட்டரைத் தாண்டிய படிகங்கள்கூட உண்டு; கடைசியாக எஞ்சிய குழம்பில் நீர் மிகுதியாகக் கரைந்திருந்ததால் படிகக் கருக்கள் குறைவாகவே தோன்றி, தோன்றியவை விரைந்து வளர்ந்தன என்பதே முக்கியக் காரணம்.

நுண்மணிகளுக்கு நடுவே பெரும்படிகங்கள் பதிந்திருந்தால், முதலில் ஆழத்தில் மெதுவாகவும் பிறகு மேலே விரைவாகவும் என இரு கட்டங்களில் குளிர்ந்ததாகப் பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் பசால்ட்டில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளெல்லாம் அத்தகைய படிகங்கள் அல்ல. வாயுக்குமிழ் விட்டுச்சென்ற துளையில் பிற்காலத்தில் சியோலைட், கால்சைட் போன்ற கனிமம் நிரம்பியிருக்கலாம். உருப்பெருக்கியில் பார்த்தால் அப்படி நிரம்பிய துளையின் ஓரம் உருண்டு வளைந்திருக்கும், படிகத்தின் ஓரமோ நேர்கோடாகவும் கோணமாகவும் இருக்கும். காற்றும் மழையும் தின்ற மேற்பரப்பில் இதற்கு நேர்மாறான மயக்கமும் நேரும்: படிகம் சிதைந்து உதிர்ந்த குழியை வாயுத்துளை என்று எண்ணிவிடுவோம். சுத்தியலால் உடைத்த புதிய முகத்தில் அந்தப் படிகம் இன்னும் உதிராமல் இருக்கும்.